ஓட்டுப் போடாத விரல்கள்

எங்கள் வெளியுறவுத் துறையில் இப்போது ஆளை எண்ணுவது கைபேசியின் வேலை என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் ஒரு செயலியில் பதிந்துகொண்டால் போதுமாம். கலவரம் என்று வந்தால் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவார்களாம். பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்திருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இளைய அதிகாரி போன வாரம் இதைப் பெருமையாகப் போட்டிருந்தார். தேர்தல் நடக்கப்போகும் ஒரு நாட்டுக்கு அவரை மாற்றியிருக்கிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: "தேர்தல் தகராறைப் பார்த்த சீனியர்கள் யாராவது உண்டா? நம்மவர்களைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?"

நாற்பத்தொரு பேர் கைகூப்பும் படத்தை மட்டும் போட்டார்கள். ஒருவரும் பதில் எழுதவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எண்ணுவது என் சுபாவம். திருத்தணியில் என் வீட்டு மொட்டைமாடிக்கு வரும் குரங்குகளைக்கூட எண்ணுவேன்; ஒன்று குறைந்தால் அது எந்த ஜன்னல் வழியாக உள்ளே புகுந்ததோ என்று அறை அறையாகப் போய்ப் பார்ப்பேன். என் மனைவி இதைக் கவலை வியாதி என்கிறாள். இந்த வியாதிக்குத்தான் அரசாங்கம் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தது. அந்த அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதலாமென்றால் எனக்கு விரல் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கிளார்க்காகச் சேர்ந்தவன். டெல்லியில் ஒரு பரீட்சை, சில மாதப் பயிற்சி, பிறகு ஒவ்வொரு நாடாகப் பாஸ்போர்ட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தொலைந்த பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, ஜெயிலில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பது, இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவது என்று பாதி வாழ்க்கை போயிற்று. கடைசியில் வைஸ் கான்சல் ஆனேன். பெயர்தான் பெரிது, வேலை அதே வேலை. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியது ஆப்பிரிக்கக் கரையோரத்தில் ஒரு நாட்டில் நடந்த தேர்தலைப் பற்றி. நாட்டின் பெயர் வேண்டாம். இதில் வரும் ஒருவர் இன்னும் அங்கேயே இருக்கிறார்.

அங்கே என் மேலதிகாரி வரதராஜுலு. சித்தூர்க்காரர். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவே ஒரு மாநில எல்லையும் சில மாந்தோப்புகளும்தான். என்னிடம் தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்தால் தெலுங்கில் முடிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பயந்துபோன யாராவது தொலைபேசியில் வந்தால், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார். ஏன் சார் என்று கேட்டதற்கு, "உக்காந்துகிட்டு பேசினா குரல்ல தெரிஞ்சிடும்யா" என்றார்.

அவரிடம் சில வழக்கங்கள் இருந்தன. "பயப்படாதீங்க" என்று யாரிடமும் சொல்லக் கூடாது. "நீங்க பத்திரமா இருக்கீங்க" என்றும் சொல்லக் கூடாது, அது நமக்குத் தெரியாத விஷயம். நமக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன, அவர்கள் இப்போது செய்ய வேண்டியது என்ன, நாம் மறுபடி எப்போது கூப்பிடுவோம், இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்குச் சேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூப்பிட்டே ஆக வேண்டும். "சேதி இல்லைன்னு சொல்றதுக்குக் கூப்பிடறவனைத்தான் ஜனங்க நம்புவாங்க" என்பார்.

தேர்தலுக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. நகரத்தில் நம்மவர்கள் இருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர். ஓரிடத்தில் மளிகைக் கடைக்காரர், ஓரிடத்தில் பள்ளி ஆசிரியை, ஓரிடத்தில் ஃபோர்மேன். நாங்கள் பொறுப்பாளரைக் கூப்பிடுவோம், அவர் தன் பகுதியில் வீடு வீடாகக் கேட்டுச் சொல்வார். நான் மொத்தக் கணக்கை எழுதிக்கொண்டு போய், "எல்லாரும் நலம் சார்" என்பேன். அவருக்கு அது போதாது. "மருந்துக்கடை மாடியில ஒரு அம்மா இருக்காங்களே, இன்சுலின் எத்தனை நாளைக்கு வெச்சிருக்காங்க?" என்பார். நான் திரும்பிப் போய்க் கேட்டு வருவேன்.

நாங்கள் எல்லோருக்கும் சொன்னவை இவை. எந்தக் கட்சி நிறத்திலும் சட்டை போடாதீர்கள். ஊர்வலத்தை வேடிக்கை பார்க்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். முடி வெட்டிக்கொள்ளும் கடையில் அரசியல் பேசாதீர்கள். தண்ணீர் பிடித்து வையுங்கள். பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது உங்கள் வாயில் வரவே கூடாது.

ஆனால் நம்மவர்கள் நம்மவர்கள்தானே! ஓட்டு எண்ணிக்கை முடிவதற்குள், மின்சாதனக் கடை வைத்திருந்த நம்மூர்க்காரர் ஒருவர், முன்னணியில் இருப்பதாகப் பேச்சு அடிபட்ட வேட்பாளருக்கு வாழ்த்து பேனர் வைத்துவிட்டார். அதில் அவரே கைகூப்பிக்கொண்டு நின்றார். வரதராஜுலு நேரில் போனார்.

"ஜெயிக்கப்போறவருக்கு முதல் வாழ்த்து நம்மளோடதா இருக்கட்டுமேன்னுதான் சார்."

"பேனர்ல யாரு படம் பெருசு? உங்களுதா, அவருதா?"

"என்னுதுதான் சார்" என்றார் கடைக்காரர், கொஞ்சம் கூச்சத்தோடு.

"அப்ப முதல் கல்லும் உங்களுக்குத்தான். இறக்குங்க."

இறக்கினார். அன்று மாலை இரண்டு வேட்பாளர்களும் தாங்களே ஜெயித்ததாக அறிவித்தார்கள். மறுநாள் காலை சாலைகளில் டயர் எரிந்தது.

நகரத்துக்கு வெளியே ஒரு துணி மில் இருந்தது. அது எதிர்க்கட்சிக்காரர்கள் நிறைந்த வட்டாரம். அந்த மில்லில் எங்கள் பக்கத்து ஆட்கள் ஆறு பேர். ஐந்து பேர் அம்மையார்குப்பத்திலிருந்து வந்து சாயப் பிரிவில் வேலை செய்தவர்கள். ஆறாவது ஆள் கரீம், அரக்கோணத்துக்காரர், பாய்லர் மெக்கானிக். அங்கே அவர்களுக்குத் தலைமை தணிகாசலம். அவருடைய அக்கா புருஷன் கஜேந்திரனும் கூட இருந்தார். தணிகாசலம் அவரை பாவா என்று கூப்பிடுவார், பெரும்பாலும் திட்டுவதற்காக. ஊர்க்காரர்கள் என்பதால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போவேன். கரீம்தான் சமைப்பார். மூசா என்று அந்த நாட்டுக்காரர் ஒருவரும் சாப்பிட வருவார். சாயத் தொட்டியில் தணிகாசலத்தின் ஜோடி அவர். நம் ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு இருமுவார், மறுபடி கேட்பார்.

சாயம் போடுகிறவர்களின் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மில்லில் கையுறை கொடுப்பார்கள், அது ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். அந்த மாதம் முழுக்கக் கருநீலத் துணி ஓடியதால், ஐந்து பேர் கையும் மணிக்கட்டு வரை நீலம்.

தேர்தல் அன்று மில்லுக்கு விடுமுறை. கஜேந்திரனுக்குப் பொழுது போகவில்லை. நம் ஊரில் ஓட்டுப் போட்டதும் மை வைத்த விரலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வோம் அல்லவா? ஐந்து பேரையும் சுவரோரமாக நிறுத்தி, நீல விரல்களை நீட்டச் சொல்லி, கரீமைப் படம் எடுக்கச் சொன்னார். "ஓட்டுப் போட்டாச்சு. பிரியாணி எங்கே?" என்று எழுதிக் குடும்பத்துக்கு அனுப்பினார். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். சொந்தக்காரப் பையன் ஒருவன் அதை ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டான்.

அங்கேயும் ஓட்டுப் போட்டால் விரலில் மைதான். அதே கருநீலம்.

எங்கள் அலுவலக வரவேற்பில் இருந்த அந்த நாட்டுப் பெண் தன் கைபேசியை என்னிடம் காட்டினாள். "இவர்கள் உங்கள் ஆட்களா?" என்று கேட்டபோது அவள் குரல் மாறியிருந்தது. படத்தில் கஜேந்திரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அந்த ஊர் மொழியில், கள்ள ஓட்டுப் போட ஆளுங்கட்சி இறக்குமதி செய்த ஆட்கள் என்று எழுதியிருந்தது. மில்லின் பெயரும் இருந்தது.

வரதராஜுலு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எந்த விரல்?"

"ஆள்காட்டி விரல் சார். இந்த ஊர்ல சுண்டுவிரல்லதான் மை வைக்கிறாங்க. அதைச் சொன்னா போதுமே சார்?"

"கோவத்துல இருக்கிறவன் எந்த விரல்னா பார்ப்பான்?"

அதற்குள் தணிகாசலமே கூப்பிட்டுவிட்டார். வரதராஜுலு எழுந்து நின்று, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், கேட்டுக்கு வெளில ஜனம் வந்துகினே இருக்குது சார். எங்க போட்டோவைக் கையில வெச்சிக்கினு நிக்கிறாங்க. எல்லாம் எங்க பாவா பண்ண வேலை சார். வேணாம் வேணாம்னு அப்பவே சொன்னேன்."

பின்னாலிருந்து கஜேந்திரன் குரல் கேட்டது. "ஆங், எல்லாம் நான்தான். நீ மட்டும் விரலை மடக்கிக்கினா நின்ன?"

"கை எப்படி இருக்குது?" என்று கேட்டார் வரதராஜுலு.

"ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சோம் சார். தோலு உரிஞ்சி எரியுது. நகத்துக்குள்ள கலரு அப்படியே கீது சார்."

"தேய்க்கறதை நிறுத்துங்க. நல்ல தண்ணியில கழுவுங்க. இப்ப எனக்குத் தெரிஞ்சது, கேட்டு பூட்டியிருக்குது, வாட்ச்மேன் உள்ளேதான் இருக்கார். ஆறு பேரும் ஒரே ரூம்ல இருங்க, ஜன்னலை விட்டுத் தள்ளி. அரை மணியில கூப்பிடறேன்."

"எங்களுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல சார்?"

"அரை மணியில கூப்பிடறேன் தணிகாசலம்."

தூதரின் அறையில் அப்போது நடந்த பேச்சை அந்த இளைய அதிகாரி கவனமாகப் படிக்க வேண்டும். போலீசைக் கூப்பிடலாம் என்றேன் நான். அந்த நாட்டு அமைச்சகமே இரண்டு போலீஸ் லாரி தருவதாகச் சொல்லியிருந்தது. வரதராஜுலு தலையசைத்து மறுத்தார். போலீஸ் அரசாங்கத்தின் போலீஸ். அதன் லாரியில் நம்மவர்களை ஏற்றினால், இவர்கள் அரசாங்கம் கொண்டுவந்த ஆட்கள்தான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். மில்லில் இல்லாத மற்ற நம்மவர்களையும் அது துரத்தும்.

இந்தியர் யாரும் வாக்களிக்கவில்லை என்று ஓர் அறிக்கை கொடுத்துவிடலாமே என்றார் தூதர். அதையும் வரதராஜுலு மறுத்தார். அமைச்சகம் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தது. தேர்தல் ஒழுங்காக நடந்ததற்கு நாம் சான்று கொடுத்ததாக அதை மாலைச் செய்தியில் வாசிப்பார்கள். மில் வாசலில் நிற்கும் கூட்டமும் அந்தச் செய்தியைக் கேட்கும்.

"கையுறை போட்டுக்கச் சொல்லலாமா சார்?" என்றேன்.

"அப்ப எதையோ மறைக்கிறாங்கன்னு ஆயிடும்" என்றார் வரதராஜுலு.

கடைசியில் அவர் தானே போவதாகச் சொன்னார். தூதரக வேன், கொடி இல்லாமல். ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவது. கூட யார் போவது என்று தூதர் கேட்டார். வரதராஜுலு என்னைப் பார்த்தார். எனக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது, மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாத்திரை வீட்டில் இருந்தது. ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணிக்கொண்டே போய் வேனில் உட்கார்ந்தேன். சொன்ன அரை மணிக்கு வரதராஜுலு தணிகாசலத்தைக் கூப்பிட்டு, நாங்கள் கிளம்பிவிட்டதைச் சொன்னார்.

பாதி வழியில் டயர் அடுக்கிய தடுப்பு. இளைஞர்கள் கதவைத் திறந்து கையை நீட்டச் சொன்னார்கள். என் வலது கட்டைவிரல் ஊதாவாக இருந்தது. காலையிலிருந்து அவசரப் பயணச் சான்றுகளில் முத்திரை குத்தியதில் ஒட்டிய மை. ஒருவன் என் விரலை இறுகப் பிடித்து, "இது என்ன?" என்றான்.

வரதராஜுலு அவன் கையைக் காட்டினார். "இவர் காலையிலிருந்து தாளில் முத்திரை குத்துகிறார். நீ டயர் உருட்டியிருக்கிறாய். உன் கையைப் பார்."

அவன் தன் கரிக் கையைப் பார்த்தான். கூட இருந்தவன் சிரித்துவிட்டான். விட்டார்கள்.

வேன் கொஞ்ச தூரம் போனதும் வரதராஜுலு கேட்டார். "சாயப் பிரிவுல உள்ளூர் ஆளுங்க இருக்காங்க இல்ல?"

"இருக்காங்க சார்."

"அவங்க கையும் நீலம்தானே?"

"அதே நீலம் சார்."

மில் வந்தது.

வாசலில் முந்நூறு பேருக்குக் குறையாது. முன்னால் நின்றவர் நடுத்தர வயது, கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் போலிருந்தார். பிறகு விசாரித்ததில் வாத்தியார்தான். அவரிடம் போய் வரதராஜுலு கைகுலுக்கித் தன் பெயரையும் பதவியையும் சொன்னார்.

"யார் ஜெயித்தார் என்று பேச நான் வரவில்லை. எதையும் நம்புங்கள் என்று கேட்கவும் வரவில்லை. என் ஆட்கள் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன். அவர்கள் கையை நீங்களே பார்க்கலாம்."

கதவு திறந்தது. தணிகாசலம் முன்னால் வர, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். வாத்தியார் முதலில் கரீமின் கையைப் பார்த்தார். அதில் கிரீஸ் மட்டும்தான். "நீ போகலாம்" என்றார். கரீம் அந்த ஊர் மொழி நன்றாகப் பேசுவார். "நாங்கள் ஆறு பேர்" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

அடுத்து வாத்தியார் தணிகாசலத்தின் கையைப் பிடித்துத் திருப்பினார். தோல் உரிந்து சிவந்திருந்தது. நகக்கண்ணில் நீலம்.

"அழித்திருக்கிறார்கள்!" என்று உரக்கச் சொன்னார்.

கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது. கீழே குனிந்து கல் எடுப்பவர்களைப் பார்த்தேன். நான் எண்ணாமல் விட்டது அந்த ஒரு சமயம்தான்.

வரதராஜுலுவின் குரல் அப்போதும் உயரவில்லை. அதைக் கேட்பதற்காகவே முன்வரிசை அடங்கியது. "இந்த மில்லில் சாயம் போடுபவர் யாராவது இங்கே இருந்தால், சாயம் பட்ட கை எப்படி இருக்கும் என்று அவர் சொல்லட்டும். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்."

அப்போதுதான் மூசாவைப் பார்த்தேன். நாலைந்து வரிசைக்குப் பின்னால், இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது அவர் பெயர். வரதராஜுலு என் கண் போன திசையைக் கவனித்து, என் முழங்கையை அழுத்தினார். திரும்பி நம்மவர்களைப் பார்த்தேன். அவர்களும் மூசாவைப் பார்த்துவிட்டார்கள். ஆறு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தணிகாசலம் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்.

ஏன் கூப்பிடவில்லை என்று பின்னால் கஜேந்திரனிடம் கேட்டேன். "அவன் கையை வெளில எடுத்தான்னா, நீயும் திருட்டு ஓட்டாடான்னு அவன் ஆளுங்களே கேப்பாங்க சார். அதுக்குத்தானே பாக்கெட்டுல வெச்சிக்கினு நிக்கிறான். வரணும்னா அவனா வரட்டும். நாம கூப்டக் கூடாது" என்றார்.

மூசா தானாகவே வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். மணிக்கட்டு வரை நீலம்.

"நான் இவர்களோடு ஒரே தொட்டியில் வேலை செய்கிறேன். ஓட்டுப் போடப் போனபோது என் கையைப் பார்த்துவிட்டு, நீ ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெட்கமாக இருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை."

"பொய்!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன், மூசாவின் பக்கத்து வீட்டுக்காரனாம், முன்னால் வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். மூசா திருப்பி அடிக்கவில்லை, கையை மறைக்கவும் இல்லை. நீட்டியபடியே நின்றார்.

வாத்தியார் மூசாவின் கையையும் தணிகாசலத்தின் கையையும் சேர்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்தார். நகம் நகமாகப் பார்த்தார். பிறகு மூசாவிடம் தாழ்ந்த குரலில், "எந்த வாக்குச்சாவடி?" என்று கேட்டார். மூசா சொன்னார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எங்களைப் பார்க்காமலே, "போங்கள், சீக்கிரம்" என்றார்.

ஆறு பேரையும் வேனில் ஏற்றினேன். இடம் மிச்சம் இருந்தது. வரதராஜுலு மூசாவிடம் போய், "நீங்களும் வருகிறீர்களா?" என்று கேட்டார். விதிப்படி அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"என் வீடு அந்த மரத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் எங்கே வர?" என்றார் மூசா.

வேன் கிளம்பியது. வழியில் தணிகாசலம் தன் பாவாவை ஒரு முறைகூடத் திட்டவில்லை.

விமானங்கள் மறுபடி ஓடும்வரை ஆறு பேரும் தூதரகத்தின் பின்கட்டில் தங்கினார்கள். கரீம் தினமும் மூசாவுக்குப் போன் செய்தார். ஜன்னல் ஒன்றை உடைத்திருக்கிறார்கள். தெருவில் சிலர் அவரோடு பேசுவதில்லை. வாத்தியார் மட்டும் ஒருநாள் வந்து, வாக்குச்சாவடியில் நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டு போனார். இதற்குள் ஆளுங்கட்சி வேட்பாளர் பதவி ஏற்றுவிட்டார்.

ஆபத்து தாண்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். விமான நிலையத்தில் அமைச்சக அதிகாரி ஒருவர் தொலைக்காட்சிக் கேமராவோடு காத்திருந்தார். முத்திரை மேஜையில் நாங்கள் நீட்டிய ஆறு பாஸ்போர்ட்டும் அவர் கைக்குப் போயிருந்தன. எல்லோரிடமும் சிரித்த முகமாகப் பேசினார். தணிகாசலத்தின் கையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உரிந்த இடமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது.

"இந்தக் கொடுமையைச் செய்தது யார்? கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள். மில் வாசலில் உங்களை அடித்தவர்களைப் பற்றி நாட்டுக்குத் தெரிய வேண்டும். ஒரு நிமிஷம்தான். பிறகு விமானம் ஏறலாம்."

நான் தமிழில் மொழிபெயர்த்தேன். தணிகாசலம் வரதராஜுலுவைப் பார்த்தார்.

"என்னா சார் சொல்றது?"

"நான் சொல்லித்தர முடியாது தணிகாசலம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். நீங்க அடிச்சாங்கன்னு சொன்னா, சாயங்காலமே அந்தத் தெருவுக்குப் போலீஸ் வண்டி போவும். வாசல்ல நின்ன ஒவ்வொருத்தரையும் தேடுவாங்க. நீங்க சொல்லலைன்னா, இவரு பாஸ்போர்ட்டை எப்பக் குடுப்பாருன்னு எனக்குத் தெரியாது."

விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. தணிகாசலத்துக்கு ஊரில் பெண்சாதியும் இரண்டு குழந்தைகளும்.

கஜேந்திரன் அவரை நகர்த்திவிட்டுக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றார். இந்த மனிதர் இங்கேயும் ஏதாவது விளையாட்டாகச் சொல்லிவைக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இது நாங்களே தேய்ச்சிக்கினதுங்க. ப்ளீச்சிங் பவுடரு. நான்தான் தேய்க்கச் சொன்னது. எங்களை யாரும் அடிக்கலங்க."

நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"அவ்வளவுதானா அவர் சொன்னது?" என்றார் அதிகாரி.

"அவ்வளவுதான்."

"மற்றவர்கள்?"

"பாவா சொன்னதுதாங்க" என்றார் தணிகாசலம். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கரீம் அதையே அந்த ஊர் மொழியில், கேமராவைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

கேமரா அணைந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டுகளை முத்திரை மேஜையில் போட்டுவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். மேஜையில் இருந்தவர் அவற்றைத் தொடவில்லை. வரதராஜுலு மேஜைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். எதுவும் கேட்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். விமான நிறுவனத்துப் பெண் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் அதிகாரி தூரத்திலிருந்தே கையை அசைத்தார். முத்திரைகள் விழுந்தன.

கதவுக்குப் போகிற வழியில் கஜேந்திரன் என் பக்கம் திரும்பினார். "சார், மூசாவுக்கு ஒரு போனைப் போடுங்க சார். தெருவுல வண்டி எதுனா வந்துதான்னு கேளுங்க."

ஆறாவது ஆள் உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன். மூசா உடனே எடுத்தார். பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. வண்டி ஏதாவது வந்ததா என்றேன். இல்லை என்றார். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"அவர்கள் ஏறிவிட்டார்களா?" என்றுதான் கேட்டார்.

ஆறு பேரும் ஏறிவிட்டார்கள் என்றேன்.